இருபது ஆண்டு கழித்துத் தேடப்படும் சீட்டு

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலர் அவர்களுக்கும், மாநிலத்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் 33 ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கர்ப்பத்தின் முதல் 14 வாரங்களில் ஒரு பெண் உட்கொண்ட மருந்துகளும், வேலையிடத்திலும் வீட்டிலும் அவர் புழங்கிய வேதிப்பொருள்களும் தாய் சேய் நல அட்டையிலும், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவுசெய்யும் அரசின் பிக்மி கணினிப் பதிவிலும் எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவு 40 ஆண்டுகளாவது அழியாமல் இருக்க வேண்டும். பிறந்த பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால் அது அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் 40 ஆண்டு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகளோடு ஒரு கருத்தரிப்பு மையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். அவளுக்கு வயது 34. இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்துக்குள் கலைந்திருந்தது. கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படத்தை மருத்துவர் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். முக்கோணமாக விரிந்திருக்க வேண்டிய உள்ளறை, ஆங்கில டி எழுத்தைப் போலக் குறுகி நின்றது. நம் நாட்டில் இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருப்பைக் காசநோயைத்தான் என்று சொல்லி, அதற்கான சோதனைகளை அவர் முன்பே செய்து முடித்திருந்தார். காசநோய் இல்லை. பிறகு என் அக்காளைப் பார்த்து, “இவங்களச் சுமந்தப்போ கரு நிக்கறதுக்குன்னு ஏதாச்சும் மாத்திரை, ஊசி எடுத்தீங்களாம்மா?” என்று கேட்டார். அக்காள் வெகுநேரம் யோசித்துவிட்டு, “வாரம் ஒரு ஊசி போட்டாங்க. எண்ணெயாட்டம் இருக்கும், போட்ட எடம் ரெண்டு நாளைக்குக் கடுக்கும். பொடிசா ஒரு வெள்ளை மாத்திரையும் தந்தாங்க. பேரு யாருங்க கேட்டா?” என்றாள்.

பெயர் யாரும் கேட்கவில்லை. சீட்டு இல்லை. ஊசி போட்ட மருத்துவர் காலமாகிவிட்டார்; அவருடைய மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக் கடை இருக்கிறது. அந்த ஊசியோ மாத்திரையோதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பிறவியிலேயே, எந்த மருந்தும் இல்லாமலேயே, கருப்பை அப்படி அமைவதும் உண்டு. காரணம் இது என்றோ இது அல்ல என்றோ சொல்ல எந்த வழியும் மிஞ்சவில்லை என்பதுதான் என் முறையீடு. நானே மருந்தகத்தில் இருந்தவன். என் சொந்த அக்காள் எதை விழுங்கினாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

அந்த மருத்துவர் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1982இல் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, பழைய இருப்புப் பதிவேட்டில் ‘ஸ்டில்பெஸ்ட்ரால்’ என்ற பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். பால் வற்றுவதற்கும் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கும் கொடுப்பது என்று மூத்த மருந்தாளுநர் சொல்லிக்கொடுத்தார். அதே மருந்து உலகின் வேறொரு மூலையில் என்ன செய்திருந்தது என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற அந்தச் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது செயற்கைப் பெண் இயக்குநீரை (ஹார்மோன்), 1938இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கப்படாததால் யார் வேண்டுமானாலும் தயாரிக்க முடிந்தது, மலிவாகவும் இருந்தது. அமெரிக்காவில் 1947 முதல் கருச்சிதைவைத் தடுக்க அது அனுமதிக்கப்பட்டது. பின்னர் வைட்டமின்களோடு கலந்தும் விற்றார்கள். பெரிய, வலுவான குழந்தை பிறக்கும் என்று சொல்லி, எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் பரிந்துரைத்த விளம்பரங்கள் மருத்துவ இதழ்களில் வந்தன.

மருந்தால் பயனே இல்லை என்பது 1953இலேயே தெரிந்துவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டீக்மன் குழுவினர் 1,600க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், கருச்சிதைவு குறையவில்லை. அதன் பிறகும் 18 ஆண்டுகள் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ‘பயன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே’ என்ற வழக்கமான சமாதானம்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சமாதானத்தை நம் ஊர் மருந்தகங்களிலும் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையின் கொடுமை, குழந்தை பிறந்த அன்றே கண்ணில் பட்டது. கைகால் குறுகிப் பிறந்த குழந்தைகளை யாரும் காணாமல் இருக்க முடியாது. ஆகவே விற்பனைக்கு வந்த நான்கு ஆண்டுகளிலேயே, 1961 இறுதியில், அதைச் சந்தையிலிருந்து விலக்கத் தொடங்கினார்கள். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் குழந்தைகளோ பார்க்க நலமாகவே பிறந்தார்கள், நலமாகவே வளர்ந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். 1960களின் இறுதியில் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு, மூதாட்டிகளுக்கு மட்டுமே அரிதாக வரும் பெண்ணுறுப்புப் புற்றுநோயோடு 15 முதல் 22 வயதுக்குள்ளான பெண்கள் வரத் தொடங்கினார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு நோயாளியின் தாய்தான், தான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட மாத்திரையால் இது வந்திருக்குமோ என்று மருத்துவர் உல்ஃபெல்டரிடம் கேட்டார். ஹெர்ப்ஸ்டும் உல்ஃபெல்டரும் பாஸ்கன்சரும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நோயுற்ற 8 பெண்களில் 7 பேருடைய தாய்மார் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பிறந்த மருத்துவமனையின் பழைய பிறப்புப் பதிவேட்டைத் திறந்து, சில நாள் முன்பின்னாகப் பிறந்த வேறு நான்கு பெண்களை எடுத்து ஒப்பிட்டார்கள். அந்த 32 பேரில் ஒருவருடைய தாய்கூட அதைச் சாப்பிட்டிருக்கவில்லை. 1971 ஏப்ரலில் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவித்தது. ஒரு தாயின் நினைவும் இருபது ஆண்டு பழமையான ஒரு பிறப்புப் பதிவேடும் இல்லாமல் போயிருந்தால் இது வெளிப்பட இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ!

புற்றுநோய் ஆயிரத்தில் ஒருவருக்கே வந்தது. பரவலான பாதிப்பு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்கள் தாயாக முயன்றபோது. 2011இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கருவிலேயே இந்த மருந்துக்கு ஆளான 4,653 பெண்களை, ஆளாகாத பெண்களோடு ஒப்பிட்டார்கள். குழந்தையின்மை ஆளானவர்களில் நூற்றுக்கு 33.3, ஆளாகாதவர்களில் 15.5. கருக்குழாயில் கரு தங்குவது 14.6, 2.9. நடு மூன்று மாதங்களில் கரு கலைவது 16.4, 1.7. குறைப்பிரசவம் 53.3, 17.8. டி வடிவக் கருப்பை என்ற சொல்லே மருத்துவ நூல்களில் பெரிதும் இவர்களால்தான் இடம்பிடித்தது. ஆண்பிள்ளைகளில் சிலருக்கு விதை இறங்காமை, விதையை ஒட்டிய சுருள்குழாயில் (எபிடிடிமிஸ்) நீர்க்கட்டி ஆகியவை காணப்பட்டன. இத்தனை துல்லியமாக இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம், பின்தொடரப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் 1953இன் சிகாகோ ஆய்வில் பங்கேற்ற தாய்மாரின் பிள்ளைகள் என்பது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று பெயர் பெயராக எழுதிவைத்திருந்த ஏடு பிழைத்திருந்தது.

ஏடு பிழைக்காத இடத்தில் நடந்ததையும் பாருங்கள். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒரே மாத்திரையைத் தயாரித்திருந்தன. தன் தாய் விழுங்கியது எந்த நிறுவனத்தின் மாத்திரை என்று பெரும்பாலான மகள்களால் காட்ட முடியவில்லை; காட்ட முடியாததால் வழக்குகள் தோற்றன. 1980இல் சின்டெல் வழக்கில்தான் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சந்தையில் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு அது இழப்பீடு கொடுக்கட்டும் என்று புதியதொரு வழியைக் கண்டுபிடித்தது. காணாமற்போன மருந்துச் சீட்டுகளுக்காக ஒரு சட்டக் கோட்பாட்டையே உருவாக்க வேண்டியிருந்தது.

முதல் 14 வாரங்கள் என்று நான் வரையறுப்பதற்குக் காரணம் உடலின் கணக்கு. கருப்பையும் கருக்குழாய்களும் பெண்ணுறுப்பின் மேற்பகுதியும் உருவாகும் முல்லேரியன் குழாய்கள் இரண்டாம், மூன்றாம் மாதங்களில்தான் ஒன்றுசேர்ந்து வடிவம் பெறத் தொடங்குகின்றன. ஆண் கருவில், ஏறக்குறைய 8 முதல் 14 வாரங்களுக்குள் சுரக்கும் ஆண் இயக்குநீர்தான் ஆணுறுப்பு முழுமையாக அமைவதற்கும் பின்னாளில் விதை இறங்குவதற்கும் அடித்தளம் இடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிற்காலத்தில் எவ்வளவு விந்தணு உருவாகும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும் செர்டோலி செல்கள் பெருகத் தொடங்குவதும் கருவிலேயேதான். வாசல் திறந்திருப்பது சில வாரங்கள். அந்த வேளையில் உள்ளே நுழைந்த ஒன்றின் விளைவு பூப்பெய்தும்போதோ, மணமாகி ஓரிரு ஆண்டு கழித்தோதான் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு: பெண் குழந்தை தன் ஆயுளுக்கும் வைத்திருக்கப்போகும் கருமுட்டைகள் எல்லாம் ஐந்தாம் மாதத்துக்குள் அவளுடைய சூலகத்தில் உருவாகிவிடுகின்றன. வயிற்றில் பெண்ணைச் சுமப்பவள் ஒருவகையில் பேரப்பிள்ளையின் பாதியையும் சேர்த்தே சுமக்கிறாள்.

மருந்து மட்டும்தான் கவலை என்று எண்ண வேண்டாம். 1979இல் தைவானின் நடுப் பகுதியில், தவிட்டெண்ணெயில் பிசிபி என்னும் ஆலை வேதிப்பொருள் கலந்து சுமார் 2,000 பேர் நஞ்சுண்டார்கள். முதலில் நோயுற்றவர்களில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் மாணவர்களும் இருந்தார்கள். அங்குள்ள அரசு பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை எழுதிப் பேணியது. அதனால்தான் இருபது ஆண்டு கழித்து, அந்தத் தாய்மாருக்குப் பிறந்த இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து விந்துப் பரிசோதனை செய்ய முடிந்தது. விந்தணுக்களின் வடிவம் பிறழ்ந்தும் நீந்தும் திறன் குறைந்தும் இருந்தன. நமக்கு அருகில் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து என்டோசல்பான் தெளித்த பகுதியில், தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள சிறுவர்கள் பருவமடைவது தாமதமாவதைக் காட்டியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பூச்சிக்கொல்லியைத் தடைசெய்தது. ஆனால் எந்தத் தாய் எந்த மாதம் எந்தத் தோட்டத்தின் கீழே நின்றாள் என்பதற்கு ஏடு ஏதும் இல்லை. யார் பாதிக்கப்பட்டவர் என்று தீர்மானிக்க முகாம்மேல் முகாம் நடத்தினார்கள். பட்டியலில் விடுபட்டவர்கள் தெருவில் அமர்ந்து போராடினார்கள்.

நம் கடைகளின் அலமாரிக்கு வருகிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில், நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா இல்லையா என்று பார்ப்பதற்காக ஈஸ்ட்ரோஜன், புரோஜஸ்டின் என்னும் இரு வகைப் பெண் இயக்குநீர்களும் அதிக அளவில் கலந்த மாத்திரையைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. மாத்திரை போட்டு இரத்தப்போக்கு வராவிட்டால் கர்ப்பம் என்று பொருள். அதாவது, கர்ப்பமாக இருந்தவர்கள் அத்தனை பேருடைய கருவும் அந்த மருந்துக்கு ஆளானது. கருவைக் கலைத்துவிடும் என்று நம்பி வாங்கிப்போனவர்களும் உண்டு. மகளிர் அமைப்புகளும் மருத்துவச் செயல்பாட்டாளர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1988இல்தான் அதற்கு நாடு முழுவதும் தடை வந்தது. அதைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் இப்போது நாற்பது வயதை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நம்மிடம் ஒரு பட்டியலும் கிடையாது.

இன்றைக்கும் கோயில் திருவிழா, கல்யாணம், சபரிமலை செல்லும் வீட்டுப் பூசை என்று எதற்கெடுத்தாலும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையைச் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். பெரும்பாலும் கணவரோ தம்பியோ வந்து வாங்கிப்போவார். மாத்திரை யாருக்கு என்றுகூடச் சொல்ல மாட்டார். அந்த மாதம் அந்தப் பெண் கருவுற்றிருக்கக்கூடுமா என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சில நாள் சாப்பிட்டதால் பெருங்கேடு வந்துவிடும் என்று அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. குறைந்த அளவு, குறுகிய காலம் என்றால் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் இந்த வகை மருந்துகள் அதிக அளவில் சென்றபோது பெண் கருவின் பிறப்புறுப்பில் ஆண் தன்மை ஏற்படலாம் என்பது 1960 வாக்கிலேயே மருத்துவ இதழ்களில் பதிவான செய்தி. ஒரு வரி எழுதிவைக்கக்கூடத் தகுதியற்ற செய்தியா அது?

நான் பார்த்த தாய் சேய் நல அட்டைகளில் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ச் சோதனை, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வேறு என்ன மருந்து, என்ன வேலை, கையில் என்ன பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. பருத்திக் காட்டில் மருந்தடித்த நாளில் களையெடுத்தவருக்கும், சாயப்பட்டறையில் துணி அலசுபவருக்கும், அச்சகத்தில் மை துடைப்பவருக்கும், அழகு நிலையத்தில் நாள் முழுக்க நகப்பூச்சு அழிப்பவருக்கும் ஒரே அட்டைதான், ஒரே கேள்விகள்தான். நெகிழி மிருதுவாக இருப்பதற்குச் சேர்க்கும் தாலேட்டுகள் ஆண் எலிக் கருவின் இயக்குநீரைக் குறைப்பது ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருக்கிறது; மனிதரில் அதன் அளவு எவ்வளவு என்பது பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. விவாதம் முடியும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்கலாம் என்றால், அப்போது எழுதுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

ஏட்டைக் காக்கும் கால அளவு இன்னும் வருந்தத்தக்கது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருந்தால் போதும். மூன்று வயதில் ஒரு குழந்தைக்குப் பால் பற்கள் முளைத்து முடிந்திருக்கும். அதன் கருப்பையைப் பற்றியோ விந்தணுவைப் பற்றியோ யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

வேறெந்த மாநிலத்திடம் இதைக் கேட்பதைவிடவும் தமிழ்நாட்டிடம் கேட்பது எளிது. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்ணும் பிக்மியில் பதிவு செய்து 12 இலக்க எண் பெறுகிறார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். தாயையும் சேயையும் ஒரே கயிற்றில் கட்டும் எண் நம் கையில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைச் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவைப்படாது.

கிராம சுகாதார செவிலியரின் தலையில் இன்னொரு சுமையா என்ற எதிர்ப்பு வரும்; அது நியாயமானதுதான். அவர் ஏற்கெனவே எத்தனை பதிவேடு எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நீண்ட வினாத்தாள் வேண்டாம். கடைசியாகத் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து இன்றுவரை என்ன மாத்திரை, ஊசி, நாட்டுமருந்து. அட்டையோ குப்பியோ இருந்தால் கைப்பேசியில் ஒரு படம். என்ன வேலை, அங்கே மருந்தடிப்பு, சாயம், பெயின்ட், கரைப்பான் உண்டா. இந்தச் சில கேள்விகளை முதல் பதிவின்போது ஒரு முறையும், நான்காம் மாதத்தில் ஒரு முறையும் கேட்டால் போதும். பின்னோக்கிக் கேட்பது முக்கியம். ஏனெனில் பதிவுக்கு வரும்போதே பாதி வாசல் கடந்துபோயிருக்கும். மருத்துவர்கள் கரு நிற்பதற்காக எழுதும் ஒவ்வோர் இயக்குநீர் மருந்தின் பொதுப் பெயரும் அளவும் தேதியும் அதே எண்ணின் கீழ் ஏற வேண்டும். இதில் மகப்பேறு மருத்துவர்களாகிய உங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று 2011இல் அனுமதிக்கப்பட்ட ஹைட்ராக்சிபுரோஜஸ்டிரோன் கேப்ரோயேட் ஊசியின் பயன் பெரிய ஆய்வில் உறுதிப்படாததால், 2023 ஏப்ரலில் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பயன் இல்லை என்று தெரிந்த பிறகும் 18 ஆண்டு எழுதிய பழைய தவறு, வேறு பெயரில் நம் சீட்டுகளில் தொடரக் கூடாது.

இன்னொரு அச்சமும் எனக்கு உண்டு. இந்தப் பதிவு, பிற்காலத்தில் பிள்ளைக்குக் குறை வந்தால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்குப் பயன்பட்டுவிடக் கூடாது. குழந்தை இல்லை என்றாலே மருமகளைப் பேசும் ஊர் இது. அத்தோடு அவளைப் பெற்றவளையும் சேர்த்துப் பேச ஓர் அரசாங்க ஏடு கிடைத்தால் சும்மா இருப்பார்களா? ஆகவே தாயும், 18 வயது நிரம்பிய பிள்ளையும், அவர்கள் ஒப்புதல் தரும் மருத்துவரும் தவிர வேறு யாரும், கணவரோ காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்தவரோ, அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி விதி வகுக்க வேண்டும். ஆய்வுக்குக் கொடுக்கும்போது பெயரை நீக்கிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பக்கம் எப்படி இருக்கலாம் என்று, அட்டையின் அளவுக்கே ஒரு தாளில் கட்டம் போட்டு மாதிரி ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். என் அக்காள் மகளுக்கு இப்போது மூன்றாவது முறையாகக் கரு தங்கியிருக்கிறது, பத்தாவது வாரம். அந்த மாதிரித் தாளில் அவள் தன் மருந்துகளைத் தானே எழுதிவருகிறாள். தேதி, பொதுப் பெயர், மில்லிகிராம் எல்லாம் இருக்கின்றன. துறை அழைத்தால் அந்தத் தாளின் படியை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்